காற்று பார்த்து வைத்த நேரம்

எங்கள் அப்பா பஞ்சாங்கம் பார்க்கிறவர் அல்ல. குர்லாவில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். சாமி, சாத்திரம் எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்படைத்திருந்தார். அப்படிப்பட்டவர், அக்காவைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு, "பெண்ணின் நட்சத்திரத்துக்கு ஞாயிறு காலை ஆகாது, மதியம் இரண்டு மணிக்கு மேல் வரவும்" என்று கடிதம் எழுதினார். சுத்தப் பொய். எங்களுக்கு எது நல்ல நேரம், எது கெட்ட நேரம் என்று தீர்மானித்தது நட்சத்திரம் அல்ல, காற்று.

கோவண்டியில் எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால், உப்பங்கழியை ஒட்டி, பம்பாயின் குப்பைமேடு. நாங்கள் குடிவந்தபோது அது எங்கேயோ தூரத்தில் இருந்ததாம். எனக்கு ஒன்பது வயதாகும்போது கொல்லைப்பக்கம் வரை வந்துவிட்டது. வசதியான தமிழர்கள் இருக்கும் மாட்டுங்காவில் முகூர்த்த நாள் என்றால் மறுநாள் எச்சில் வாழையிலை லாரி லாரியாக வந்து குவியும். கல்யாணம் யார் வீட்டிலோ, ஈ மட்டும் எங்கள் வீட்டில். மேட்டில் ஏதாவது ஒரு மூலை எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். இரவிலிருந்து காலை வரை காற்று உப்பங்கழிப் பக்கமிருந்து அடிக்கும். புகை முழுக்க எங்கள் மேல். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்து அதைத் திருப்பிக்கொண்டு போகும். ஆகவே எங்கள் லைனில் துணி உலர்த்துவது, அப்பளம் காயப்போடுவது, விருந்தாளியை வரச்சொல்வது எல்லாம் இரண்டு மணிக்குப் பிறகுதான்.

மாப்பிள்ளை வீட்டார் உல்லாஸ்நகரில் மளிகைக்கடை வைத்திருந்தார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள்தான். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பஞ்சாங்கம் தலைகீழ்ப் பாடம். கடிதத்தைப் பார்த்ததும் இதில் ஏதோ சூது இருக்கிறது என்று முடிவு கட்டியிருக்கிறாள். பெண்ணைக் காலை வெளிச்சத்தில் காட்ட ஏன் பயப்படுகிறார்கள்? தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு முதல் வண்டியைப் பிடித்து, எட்டு மணிக்கே எங்கள் வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

அக்கா அப்போது தரையில் படிந்த சாம்பலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அம்மா, "வாங்க மைனி, வாங்க" என்று சொல்லிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினாள். சாத்தி என்ன பயன், புகை உள்ளேதான் இருந்தது. அக்கா அவசரமாகச் சேலை மாற்றி, ஈ விழாமல் கிண்ணத்தால் மூடிய காப்பி டம்ளர்களைக் கொண்டுவந்தாள். தம்பிக்காரர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு டம்ளரைத் தொடவே இல்லை. ஆனால் அந்த அம்மாள் குடித்தாள். அதை மறைக்க மாட்டேன். அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பிள்ள லட்சணமாத்தான இருக்கா. இவள எதுக்கு ஒளிச்சு வச்சீய?" என்று சிரிக்கக்கூடச் செய்தாள். அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அக்கா விழுந்து கும்பிட்டாள். எழும்போது இருமல் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள்; முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த அம்மாள் பெரியவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. என்னைப் பக்கத்தில் இழுத்து, "ஏட்டி, அக்காவுக்கு எத்தன நாளா இந்த இருமல்?" என்றாள்.

அக்காவுக்கு ஏதோ கெட்ட பெயர் வரப்போகிறது, நான்தான் காப்பாற்றவேண்டும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

"அக்காவுக்கு மட்டும் இல்ல அத்த. எனக்கும் இருக்கு, அம்மாவுக்கும் இருக்கு. காலையில எல்லாரும்தான் இருமுவோம்."

நம்பாமல் போய்விடுவாளோ என்று இருமியும் காட்டினேன். பொய்யாகத் தொடங்கியது நிஜமாகி, நிற்கவே இல்லை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பெரியவரும் தன் பங்குக்கு இருமினார்.

"வெறும் பொகைதான், வேற ஒண்ணும் கெடையாது" என்று அப்பா கெஞ்சினார். அவள் காலி டம்ளரை எட்டத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

நான் அக்காவிடம் ஓடி, "நான் சரியாச் சொன்னேனாக்கா?" என்று கேட்டேன். அவள் என்னை அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "சரியாத்தான் சொன்ன" என்று சொல்லிவிட்டுச் சேலையை மாற்றப் போனாள்.

குடும்பத்துக்கே காசநோய், அதை மறைக்கத்தான் நேரம் சொல்லி ஏமாற்றினார்கள் என்று உல்லாஸ்நகரிலிருந்து சொல்லியனுப்பினார்கள். அப்பா அக்காவுக்கு எக்ஸ்ரே எடுத்தார். காசநோய் இல்லை என்றார் டாக்டர். அந்தப் படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு அப்பா அவர்கள் கடைக்கே போனார். வாசலில் நிற்கவைத்து, "இன்னைக்கு இல்லாட்டா நாளைக்கு வருமுல்லா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பேச்சு எங்கள் ஊர்க்காரர்கள் நிறைந்த தாராவி வரை பரவியது. அதற்குப் பிறகு அக்காவைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அவளுக்குக் கல்யாணம் நடக்கவேயில்லை. பொய்க்காரக் குடும்பம் என்று பெயரெடுத்தது நாங்கள். குப்பையைக் கொண்டுவந்து கொட்டிய ஊரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்து வருடம் கழித்து என் முறை வந்தபோது அப்பா விவரமாகிவிட்டார். புகை எட்டாத கிங்ஸ் சர்க்கிளில் தெரிந்தவர் வீட்டைக் கேட்டு வாங்கி, அங்கே வைத்து என்னைக் காட்டினார். கல்யாணமாகி மாட்டுங்காவுக்கு வந்தேன். முதல் நாள் காலையில் விழித்ததும் படுத்தபடியே காதைக் கொடுத்துக் கேட்டேன். வீட்டில் ஒருவரும் இருமவில்லை. இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை என்று நினைத்து அப்படியே படுத்துக் கிடந்தேன். நான் வெளியே வந்தபோது எல்லோரும் காப்பி குடித்து முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.