மாலை போட்டு வந்த பிக்கப்

குணா வண்டியோடு என் பட்டறைக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது வண்டி அல்ல, மாலை. பானட்டின் குறுக்கே சாமந்தி மாலை, கண்ணாடியில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், குங்குமம். டயரில் எலுமிச்சம்பழம் நசுங்கிய ஈரம்கூட இன்னும் காயவில்லை.

"அண்ணே, இந்த வண்டிய செக் பண்ணிச் சொல்லுங்கண்ணே. வாங்கலாமா, வேணாமான்னு."

"பூஜை போட்டாச்சு போல?"

"ஆமாண்ணே. கோயில்ல இருந்து நேரா இங்கதான் வாரோம்."

"அப்புறம் என்னடா செக்கு?"

"இன்னும் பேர் மாத்தலண்ணே. திங்கக்கெழம வரைக்கும் ஓட்டிப் பாருன்னு தவுக்கே குடுத்திருக்காரு. புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடலாம். இன்னிக்கு நல்ல நாளுன்னு மாமியார் சொன்னாங்க, அதான் பூஜைய முடிச்சிட்டோம்."

தவுக்கே என்றால் ஈப்போவில் பழைய வண்டி விற்கும் சீன முதலாளி. திருப்பிக் கொடுக்க அவரே வழி விட்டிருக்கிறார். அந்த வழியில் இவன் போய் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு வந்து நிற்கிறான். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

நான் ஈப்போ பக்கத்துச் செமோரில், நாலு சக்கரமும் இழுக்கிற போர் வீல் வண்டிகளுக்கு வேலை பார்க்கிற பொமேன், அதாவது மெக்கானிக். ரிப்பேரோடு, பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்களுக்கு அடியில் படுத்துப் பார்த்துச் சொல்வதும் என் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடியில் படுத்தபோது

குணா தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நல்ல பையன், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போனில் கேம்பிங் வீடியோ பார்த்துப் பார்த்துப் பித்துப் பிடித்துவிட்டது. வண்டி கிடைப்பதற்கு முன்பே கூரைமேல் விரிக்கிற கூடாரம் வாங்கிவிட்டான், மடக்கு நாற்காலி வாங்கிவிட்டான், நெருப்பில் சுடுகிற கம்பி வாங்கிவிட்டான். வருகிற சனிக்கிழமை மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, பழைய ரப்பர் தோட்டத்து மண் பாதை வழியாகப் போய், வண்டியோடு ஆற்றில் இறங்கி அக்கரையில் தங்குவதாகத் திட்டம். அந்தத் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். அங்கிருந்து வெளியே வர என் அப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும். இவன் அங்கே போய்க் கூடாரத்தில் படுக்க ஆசைப்படுகிறான். சரி, அவனவன் ஆசை.

வண்டிக்கு அடியில் போனேன். வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் முழுக்கப் புதிதாகக் கறுப்பு மை பூசியிருந்தது. பழைய வண்டியில் மேல் பெயின்ட் மங்கி, அடிப்பாகம் மட்டும் பளபளவென்று இருந்தால் அங்கேதான் விஷயம் இருக்கும். இதை நீங்கள் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தேன். ஆட்கள் உட்காரும் முன் கூண்டும் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியும் சேரும் இடத்துக்கு நேர் கீழே சத்தம் மாறியது. ஸ்க்ரூ டிரைவரால் மையைச் சுரண்டினேன். வெல்டிங் தழும்பு. ஒரு பக்கம் இல்லை, இரண்டு பக்கமும், சுற்றி வர.

"குணா, வா இங்க. படு."

"கோயில் சட்டண்ணே, அழுக்காயிடும்."

"படுடா!"

படுத்தான். டார்ச்சை அடித்துக் காட்டினேன்.

"சேசிஸ்தான் வண்டிக்கு முதுகெலும்பு. இது எங்கேயோ பலமா மோதியிருக்கு. வளஞ்சத வெட்டிப் போட்டுட்டு வேற வண்டித் துண்ட வச்சு ஒட்டியிருக்கானுங்க. நேரான ரோட்டுல பேசாம ஓடும். மேடு பள்ளத்துல ஏறினா முறுக்கிக்கும். சாமான் ஏத்தி, புள்ளைங்கள ஏத்தி முறுக்கினா ஒட்டு விட்டுப் போகும். வேணாம், திருப்பிக் குடுத்துடு."

அவன் வெளியே வந்து சட்டையைத் தட்டினான். பிறகு கேட்டான் பாருங்கள் ஒரு கேள்வி.

"எத்தன மேட்டுக்குத் தாங்கும்ணே?"

தலையில் அடித்துக்கொண்டேன். கையில் இருந்த கறுப்பு மை நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

"திருப்பிக் குடுக்க முடியாதுண்ணே" என்று இழுத்தான். "பூஜை போட்டாச்சே. நீங்களே தடிச்ச பிளேட் ஒண்ணு வச்சு வெல்டிங் அடிச்சுக் குடுங்கலா."

"நான் அடிக்க மாட்டேன்."

"அப்ப வேற பொமேன்கிட்ட போறேன்."

போவான். பிளேட் வைத்து அடித்துக் கொடுக்கவும் யாராவது இருப்பார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திறக்காத கதவு

வந்ததிலிருந்து வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்த குணாவின் மனைவி கவிதா இப்போது கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணே, பூஜை போட்ட வண்டி வீட்டுக்கு வந்த மருமக மாதிரின்னு அம்மா சொல்லியிருக்காங்க. திருப்பி அனுப்பினா குடும்பத்துக்கு ஆகாதாம்."

"தங்கச்சி, மருமகளுக்கு முதுகெலும்பு இருக்கும். இதுக்கு இல்ல."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. நானும் சாமி கும்பிடுகிறவன்தான். என் பட்டறையில் முதல் வேலையே ஊதுவத்தி கொளுத்துவதுதான். ஆனால் நம் ஆட்களிடம் இது ஒரு கிறுக்கு. வீடு வாங்கினால் குழாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே பால் காய்ச்சிவிடுவார்கள். வண்டி என்றால் பானட்டைத் திறப்பதற்கு முன்பே சூடம் காட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு குறை சொன்னால், சொன்னவன் வாயில்தான் அபசகுனம்.

பேசிப் புண்ணியமில்லை என்று தெரிந்தது. பட்டறைக்குப் பின்னால் வண்டிகளை ஏற்றி இறக்கிப் பார்க்க ஒரு மண் மேடும் பள்ளமும் வைத்திருக்கிறேன். "அங்க மெதுவா ஏத்து" என்று குணாவிடம் சொன்னேன். கவிதா இறங்கவில்லை. "நானும் வாரேன். நல்லாத்தான் ஏறும், பாருங்க" என்றாள்.

ஏறியது. முன்னால் இடது சக்கரம் மேட்டில், பின்னால் வலது சக்கரம் மேட்டில், மற்ற இரண்டும் பள்ளத்தில். எங்கேயோ இரும்பு முனகியது. கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன்.

"இப்ப ரெண்டு பேரும் எறங்கி வாங்க."

கவிதா கைப்பிடியை இழுத்தாள். கதவு அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். தோளால் முட்டினாள். குணாவும் தன் பக்கத்துக் கதவை முட்டினான். அதுவும் திறக்கவில்லை.

"அண்ணே! கதவு மாட்டிக்கிச்சுண்ணே!"

ஓடிப்போய் வெளியிலிருந்து காலை ஊன்றி இழுத்தேன். வரவில்லை. கூண்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு பக்கம் என் கை முழுதாக நுழைந்தது, மறுபக்கம் இரும்போடு இரும்பு உரசிப் பெயின்ட் உதிர்ந்திருந்தது. சேசிஸ் முறுக்கியதில் கூண்டும் கோணி, கதவுகளைக் கவ்விக்கொண்டிருந்தது. கொஞ்சம் முறுக்கும் என்று நினைத்துத்தான் ஏற்றச் சொன்னேன். இவ்வளவு முறுக்கும் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை.

"ரிவர்ஸ் எடு! மெதுவா, மெதுவா!"

சமதரைக்கு வந்ததும் கதவு ஒன்றும் நடக்காததுபோலத் திறந்துகொண்டது. கவிதா இறங்கினாள். முகத்தில் ரத்தமே இல்லை. குணாவைப் பார்த்து, "இதுல புள்ளைங்கள பின்னால உக்கார வச்சு ஆத்துக்குள்ள எறக்கலாம்னுதானே இருந்தீங்க?" என்றாள்.

குணா கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தான்.

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். இப்பவே கொண்டுபோய் விடுங்க" என்றாள். மாலையை அவளே கழற்றினாள். கழற்றும்போது வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அது வேறு விஷயம்.

தவுக்கே சொன்ன நல்ல செய்தி

தவுக்கே மறு பேச்சு இல்லாமல் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். குணா போன் பண்ணிச் சொன்னான். எனக்குத் திருப்தி. ஒரு குடும்பம் தப்பியது, என் வேலை முடிந்தது என்று வேறு வண்டிகளைப் பார்க்கப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் ஸ்பேர் பார்ட் வாங்க ஈப்போவுக்குப் போனபோது அந்தத் தவுக்கே கடையில் நுழைந்தேன். அந்தச் சேசிஸை வெட்டிப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லலாம் என்று. வண்டி அங்கே இல்லை.

"விற்றுப் போச்சு" என்றார் மலாய் மொழியில். பிறகு சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டார்: "உங்க ஆளுங்கதான். அப்பா, அம்மா, கைக்குழந்தை. இங்கிருந்து நேரா கோயிலுக்குத்தான் போனாங்க."

சேசிஸில் வெட்டு இருப்பதைச் சொன்னீர்களா என்று கத்தினேன். அவர்கள் கேட்கவில்லையே என்றார். போன் நம்பர் கேட்டேன், கஸ்டமர் நம்பரைக் கொடுக்க முடியாது என்றார். வண்டி நம்பராவது இருக்கிறதே, தேடலாம் என்று பார்த்தால், அதையும் அவர்கள் பணம் கட்டி ராசி நம்பருக்கு மாற்றிவிட்டார்களாம், புது நம்பர் தவுக்கேயிடம் இல்லை. நம் ஆட்களுக்கு அது வேறு.

குணாவைக் கூப்பிட்டேன். அவன் வண்டிப் பூஜைக்கு எல்லோரும் போகிற அந்தக் கோயில் பூசாரியிடம் ஓடினான். பூசாரி தலையைச் சொறிந்தாராம். "தெனம் வண்டி வருது தம்பி. பூஜைக்கு வாறவங்ககிட்ட யாரு நம்பர் கேப்பா?" குணா அங்கேயே வாசலில் உட்கார்ந்துவிட்டானாம். போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன். போர் வீல் ஓட்டுகிறவர்களின் வாட்ஸாப் குரூப்பில் எல்லாம் போட்டேன். கும்பிடுகிற கையும் கட்டை விரலும்தான் பதிலாக வந்தன.

பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். "வாங்காதே" என்று உங்கள் கஸ்டமரிடம் சொன்னதோடு வேலை முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். நீங்கள் அப்படி நினைக்காதீர்கள். அவன் திருப்பிக் கொடுத்த வண்டியில் இன்னொருவன் ஏறுவான். அன்றைக்கே தவுக்கேயிடம் நானும் கூடப் போயிருக்க வேண்டும், வாசலில் நின்று சத்தம் போட்டிருக்க வேண்டும். போகவில்லை. இப்போது யாரிடம் சத்தம் போடுவது?

போன ஞாயிற்றுக்கிழமை தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் ஒரு பிக்கப். அதே நிறம், முன்னால் மாலை, மேலே கூடாரம். குறுக்கே போய் நிறுத்தினேன். ஓட்டியவன் இறங்கி வந்தான்.

"என்ன அங்கிள், வேலையில்லையா ஒங்களுக்கு?"

பின் சீட்டில் ஒரு பெண் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ரோட்டோரத்திலேயே மல்லாந்து படுத்து அடியில் புகுந்தேன். அவன் என்னென்னவோ திட்டினான். சேசிஸ் முழுக்கப் பழைய துரு, ஒட்டு எதுவும் இல்லை.

அந்த வண்டி இது இல்லை.