குலவை போட்டால் கைதட்டினார்கள்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது. நினைத்தால் இன்னும் கை பரபரக்கிறது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேச வராது. ரேஷன் கடையில் எடை குறைத்துப் போட்டால்கூட பேசாமல் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் அடுப்பிடம் முறையிடுகிற ஆள். வாயால் சொல்ல வராததை எழுதியாவது பார்க்கிறேன்.

நாங்கள் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறோம். வீட்டுக்காரருக்கு முழங்கால் முடியாமல் போனதிலிருந்து வயலுக்கு நான்தான். அந்த சம்பாவுக்கு நடவு ஆள் கிடைக்காமல் நாற்று முற்றிக்கொண்டே போனது. ஒருவழியாகப் பாதி வயல் நட்டு முடித்தோம். மீதிக்கு ஆள் இல்லை. அப்போது சென்னையில் வேலை பார்க்கும் என் தங்கை மகள் போன் செய்தாள். "பெரியம்மா, எங்க ஆபீஸ்ல எல்லாரும் ஒரு நாள் நடவு நட வராங்க. காசு வேணாம். சாப்பாடுகூட அவங்களே கொண்டாந்துருவாங்க."

காசு வாங்காமல் நடவு நட சென்னையிலிருந்து ஆள் வருகிறதா என்று எனக்கு நம்பிக்கையே வரவில்லை. ஆனால் பெரிய ஏசி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே பச்சை பனியன். கூடவே சுருட்டி எடுத்து வந்த கம்பெனி ஃபிளக்ஸ் ஒன்று. அதை வரப்பில் கட்டியபிறகுதான் வயலையே பார்த்தார்கள்.

அவர்கள் மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் வட்டமாக நிற்க வைக்காமல் ஒரு வேலையும் செய்யமாட்டார். வயலில் இறங்குமுன் வட்டம். ஒவ்வொருவரும் மனசில் என்ன தோன்றுகிறது என்று சொல்லவேண்டும், சொன்னதும் எல்லோரும் சேர்ந்து கைதட்டவேண்டும். "நீங்களும் சொல்லுங்க ஆன்ட்டி" என்று என்னையும் கேட்டார். நான் தங்கை மகள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். நாற்று முற்றுகிறது என்பதுதான் என் மனசில் தோன்றியது. அதை எப்படிச் சொல்வது?

நட்டார்கள். நாற்றைக் கொத்துக்கொத்தாகச் செருகினார்கள். பாதி மிதந்தது. ஒரு கட்டு நாற்றை நடுவதற்குள் ஆளாளுக்கு போட்டோ. நாளைக்கு நாமே திருப்பி நடவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே தண்ணீர் குடிக்கக் கரைமேல் ஏறினேன்.

அப்போதுதான் பார்த்தேன். வாய்க்கால் கரையில் நண்டு வளை இருந்த இடத்திலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று கொப்பளித்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் மழையில் வாய்க்கால் கரை தொட ஓடியது. அந்தக் கரை சோடை, பலமில்லை என்று வருஷக்கணக்காக மனு கொடுக்கிறோம். வந்தவரெல்லாம் பார்த்துவிட்டு "நிதி வரட்டும்மா" என்று சொல்லிப் போனார்கள். நிதி வரவில்லை, தண்ணீர் வந்துவிட்டது. கரை உடைந்தால் என் வயல் மட்டுமில்லை, அந்தப் பக்கம் நட்ட அத்தனை பேர் நாற்றும் போய்விடும். திருப்பி நட யார் நாற்றங்காலிலும் நாற்று கிடையாது.

முழங்கால் முடியாத என் வீட்டுக்காரரைத் தவிர ஊரில் ஆண்பிள்ளை ஒருவரும் இல்லை. தஞ்சாவூரில் கட்சிக் கூட்டம். காலையிலேயே வேன் வந்து, பிரியாணிப் பொட்டலம் உண்டு என்று சொல்லி, நடவு நடுகிற பெண்கள் உட்பட ஊரையே அள்ளிக்கொண்டு போயிருந்தது.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வாழ்நாளில் நான் சத்தமாக எழுப்பியது குலவை ஒன்றுதான். நடவு வயலில் என் குலவை அடுத்த ஊருக்குக் கேட்கும் என்பார்கள். அதுதான் அப்போதும் வந்தது. நாக்கைச் சுழற்றி, அடிவயிற்றிலிருந்து போட்டேன் ஒரு குலவை.

அத்தனை பச்சை பனியனும் நிமிர்ந்து பார்த்தது. சிரித்தது. கைதட்டியது!

"சூப்பர் ஆன்ட்டி! ஒன்ஸ் மோர்!"

நான் கையைக் காட்டிக் காட்டி இன்னும் பலமாகக் குலவை போடுகிறேன், அவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். கண்ணீரே வந்துவிட்டது. அதற்குள் வளை, ஆள் படுக்கிற அகலத்துக்கு வாயைத் திறந்துவிட்டது. வெட்கமாவது ஒன்றாவது, ஓடிப்போய் அந்த மேனேஜர் மணிக்கட்டைப் பிடித்தேன். வேற்று ஆண்பிள்ளை கையை நான் தொட்டதே கிடையாது. சேற்றில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் கரையில் நிறுத்தினேன். ஒரு பார்வை பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"எல்லாரும் இங்க வாங்க! வட்டம் வேணாம், லைன்! லைன்ல நில்லுங்க!"

மோட்டார் கொட்டகையில் காலி உரச் சாக்குகள் கிடந்தன. பாதிப் பேர் கையால் மண்ணை அள்ளி நிரப்ப, மீதிப் பேர் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். மேனேஜர் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மூட்டை நகர்கிற மாதிரி தாளம் போட்டார். காலையிலிருந்து எனக்கு எரிச்சல் மூட்டிய அதே கைதட்டல்! ஆனால் போட்ட மூட்டையைத் தண்ணீர் உருட்டிக்கொண்டு போனது.

"பெரிசா ஷீட் ஏதாவது இருக்காம்மா? உள்பக்கம் வச்சு மறைச்சா நிக்கும்" என்றார் மேனேஜர்.

கம்பெனி ஃபிளக்ஸைப் பிய்த்து வந்தார்கள். பாதியைத்தான் மறைத்தது. அப்போது என் கண் ரோட்டு முக்குக்குப் போனது. அங்கே கூட்டத்துக்காக வைத்த போர்டு நின்றது. சவுக்குச் சட்டத்தில் அடித்து, தலைவர் ஆளுயரத்துக்கு மேலே கைகூப்பிக்கொண்டிருந்தார். அதனால் எதிரே வருகிற பஸ் தெரியாது. நகர்த்தச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. நான் அதை நோக்கி விரலை நீட்டினேன்.

மேனேஜர் திகைத்தார். "அம்மா, அது கட்சி போர்டு. பிரச்சினை ஆயிடும்."

தங்கை மகள் என்னைப் பார்த்தாள். நான் விரலை மடக்கவில்லை. "சார், பெரியம்மா எதையும் கேக்கமாட்டாங்க. கேட்டா குடுத்துடணும்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர் ஓடினார்கள்.

தலைவரைச் சட்டத்தோடு தூக்கி வந்து, வாய்க்கால் உள்பக்கமாகத் தண்ணீரில் இறக்கினார்கள். தண்ணீரே அவரை இழுத்து உடைப்பில் ஒட்ட வைத்தது. மேலே மூட்டை, மூட்டைக்கு மேல் மூட்டை. இரைச்சல் குறைந்தது. கசிந்தது. நின்றுவிட்டது. நான் போட்டேன் பாருங்கள் ஒரு குலவை! இந்தத் தடவை பச்சை பனியன்களும் கூடவே போட்டன. கோழி கேறுகிற மாதிரிதான் இருந்தது. அதனால் என்ன!

சாயங்காலம் வேன் திரும்பியது. கூட்டத்துக்கு ஆள் சேர்த்த எங்கள் ஊர்க் கட்சிக்காரர் கரைக்கு வந்தார். தண்ணீருக்கு மேலே தலைவரின் நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன.

"எவன் போர்டுல கை வச்சது?"

சென்னைப் பிள்ளைகள் வெளிறிப்போனார்கள். எனக்காக வந்தவர்களை விட்டுவிட்டு எப்படி ஒளிவது? முன்னால் போனேன். "தம்பி, ஐயாதான் வந்து நின்னாங்க. அவங்க நிக்கலன்னா ஒங்க வயலும் சேந்து போயிருக்கும்" என்றேன். அத்தனை நீளமாக நான் பேசி ஊரே கேட்டதில்லை. அவர் வாயைத் திறந்தார், தன் வயலைத் திரும்பிப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

அதற்குமேல்தான் வேடிக்கை. பனியன் பிள்ளைகள் எடுத்த படம் போன் போனாகப் பரவியது. தலைவர் மூக்கு முங்கத் தண்ணீரில் நிற்பது மேலிடத்துக்குப் பொறுக்கவில்லை போல. அந்த வாரமே மிஷின் வந்தது, கல் வந்தது, கரை கட்டியாயிற்று. அத்தனை வருஷம் மனுவுக்கு வராத நிதி ஒரு முகத்துக்காக வந்தது. இப்போது அங்கே கரையைக் கட்டித் தந்ததற்கு நன்றி சொல்லி அதே தலைவருக்குப் புதுப் போர்டு நிற்கிறது. இருக்கட்டும், அடுத்த உடைப்புக்கு ஆகும்.

அந்த மேனேஜர் ஊருக்குப் போனதும், அன்றைய நாளுக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பேன் என்று போனில் கேட்டார். "எல்லாத்தையும் போட்டுக்கங்க" என்று சொன்னேன். அவர்கள் நட்டதில் பாதிக்குமேல், மிதந்த நாற்றைப் பொறுக்கி நாங்கள் திருப்பித்தான் நட்டோம். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

இன்றைக்கும் எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஆனால் என் பதற்றம் புரியாமல் யாராவது கைதட்டினால், முன்னைப்போல வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவதில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், உடைப்பைக் கண்ணால் பார்க்க வைத்துவிடுகிறேன்.