இரு கீறல், ஒரு புள்ளி

சவுரியம்மாள், ஆம்பூருக்கு அப்பால் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் நாற்பது ஆண்டுகள் ஆவாரம்பட்டை இடித்தவர். எத்தனை முறை கழுவினாலும் அவருடைய விரல்கள் செம்பழுப்பாகவே இருந்தன. 1906இல் பேதி பரவிய வாரத்தில், அவர் கணவர் சின்னப்பனை ஷாப்பின் பின்புறக் கொல்லையில் மற்றவர்களோடு புதைத்தார்கள். பெண்களை அருகில் விடவில்லை. கணவர் எந்த இடத்தில் கிடக்கிறார் என்பது அவருக்குத் தெரியாமலே போயிற்று.

1931 ஆனி மாதம், அந்தக் கொல்லையில் புதிய சுண்ணாம்புக் குழிகள் தோண்ட முதலாளி முடிவு செய்தார். அங்கே பிணம் எதுவும் புதைக்கப்படவில்லை என்று மேனேஜர் தாசில்தாருக்கு எழுதிக் கொடுத்தார். ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் ஆதாரத்தோடு வரவேண்டும் என்று நோட்டீசு ஒட்டினார்கள். அதன் நகல் என்னிடம் உள்ளது.

"தோண்டுனா அவரு எலும்பு சுண்ணாம்புல வேகும், தம்பி. எழுதத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்," என்று சவுரியம்மாள் என் வாசலில் வந்து நின்றார்.

ஷாப்பின் காவல்காரர் லியாகத் அலி வெள்ளிக்கிழமை நண்பகலில் கொல்லையின் வேலிப் படலைத் திறந்து வைத்தார். "நான் தொழுகைக்குப் போறேன். வர்றதுக்குள்ள முடிச்சுக்கங்க. நான் எதையும் பாக்கல."

வேலியைத் தாண்டியதும் தோல் நாற்றம் நின்றுவிட்டது. காற்று அடித்தது, ஆவாரஞ்செடிகள் அசையவில்லை. பட்டைக்கு அவ்வளவு கிராக்கி இருந்தும், அங்கே ஒரு கிளையையும் எவரும் உரித்ததில்லை. ஆள் நீளத்துக்கு ஆள் நீளம் மண் உள்வாங்கியிருந்தது. ஒவ்வொரு பள்ளத்தின் தலைமாட்டிலும் பழைய சுண்ணாம்புக் குழிக் கல் ஒன்று.

நூல் பிடித்து, அடி அளந்து, வரைபடம் போட்டேன். நாற்பத்து மூன்று கற்கள். எழுத்து ஒன்றிலும் இல்லை. சவுரியம்மாள் ஒரு கல்லின் பாசியைச் சுரண்டி, விரலால் தடவினார்.

"தோலுக்கு அடிக்கிற அடையாளம்! ரெண்டு கீறல், ஒரு புள்ளி. இவருதான். இவரு உளியேதான்."

யார் சதை நீக்கிய தோல் என்று தெரிய, ஒவ்வொரு ஆளும் வால்பக்கத்தில் தன் உளியால் அடையாளம் வெட்டுவது வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கல்லறைக்கும் அதையே வெட்டியிருந்தார்கள்.

பத்தடி தள்ளி மற்றொரு கல்லிலும் இரு கீறல், ஒரு புள்ளி. வேலியோரம் மூன்றாவது. அவர் கை நின்றது. மூன்றையும் வரைபடத்தில் குறித்தேன். அது என் அடையாளம். 1922இல், கூலிக் குறைப்பை எதிர்த்து மனு எழுதினேன் என்று வேலையிலிருந்து தள்ளப்படும்வரை அந்த ஷாப்பின் தோல்களில் நான் அடித்தது.

திரும்பி வந்த லியாகத் அலி சொன்னார்: "ஆளு போனா உளி, அடையாளத்தோட அடுத்த ஆளுக்கு. அந்தப் பேதி வாரத்துலயே மூணு கை மாறிச்சு. புது உளிக்கு யாரு செலவு பண்ணுவா?"

சவுரியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீயும் இங்க படுத்திருக்க வேண்டியவன். எப்டிய்யா தப்பிச்ச?"

தாசில்தார் முன் நடந்த விசாரணையில் என் வரைபடத்தைப் பார்த்து மேனேஜர் சிரித்தார். "ஒடஞ்ச குழிக் கல்லுங்க, சார். எங்க ஷாப்புல இப்படி ஒரு அடையாளமே கெடையாது."

ஒன்பது ஆண்டுகளாகத் தகரப் பெட்டியில் வைத்திருந்த என் நீக்கச் சீட்டை மேசைமேல் வைத்தேன். 'இரு கீறல் ஒரு புள்ளி ஆள் இனி வேண்டாம்.' கீழே அதே மேனேஜரின் கையொப்பம், ஷாப்பின் முத்திரை. தாசில்தார் இருமுறை படித்தார். தோண்டக் கூடாது என்று உத்தரவாயிற்று.

எனக்குப் பிறகு அந்த உளியைத் தொட எவரும் சம்மதிக்கவில்லை என்று லியாகத் அலி பின்னர் கூறினார்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். மூன்றில் எது சின்னப்பனுடையது என்று சொல்ல யாரும் உயிரோடு இல்லை. "மூணும் அவருன்னே இருக்கட்டும்," என்று சவுரியம்மாள் மூன்றுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றினார். மூன்றாம் கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நீளத்துக்கு வெறும் தரை இருந்தது. நான்காவது மெழுகுவர்த்தியை ஏற்றி அங்கே நட்டார்.

"இது யாருக்கு, அக்கா?"

"எல்லாத்தையும் எழுதி வெக்கிறவன்தானே நீ? இதையும் எழுதிக்கோ."

காற்று வீசியது. மூன்று சுடர்களும் சாய்ந்தன. நான்காவது மட்டும் நேராக நின்றது. வரைபடத்தை விரித்து அந்த இடத்துக்கு நாற்பத்து நான்கு என்று எண்ணிட்டேன். பக்கத்தில் இரு கீறல் போட்டு, ஒரு புள்ளி வைத்தேன்.