மூச்சு விடத் தெரியாதவன்

போன வாரம் தியாகதுருகத்தில் வண்டி பஞ்சர். கடைக்காரர் கம்ப்ரசரைப் போட்டதும் சூடான எண்ணெயும் ரப்பரும் கலந்து ஒரு வாடை வந்தது பாருங்கள், எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பஞ்சர்மேல் இல்லை. அந்த வாடையில்தான் அந்தமானில், ஒரு பாய்மரப் படகில், இரண்டு சீசன் வெங்காயம் உரித்தேன்.

கள்ளக்குறிச்சிக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்பீர்கள். சமையல் வேலை. ஆறு விருந்தாளிகள் தங்கித் தீவு தீவாகச் சுற்றும் படகு அது. படகு சாய்ந்தாலும் நேராக நிற்கும்படி அடுப்பைக் கொக்கியில் தொங்கவிட்டிருப்பார்கள். நான்தான் சாய்ந்துகொண்டு தோசை ஊற்ற வேண்டும். பாத்திரமெல்லாம் உப்புத் தண்ணீரில் கழுவி, கடைசியில் அரைச் செம்பு நல்ல தண்ணீரில் அலசல். குளிக்க ஒரு வாளிதான். கல்வராயன் மலை அருவியில் தலையைக் கொடுத்துக் குளித்தவனுக்கு அது எப்படி இருக்கும்!

காலையில் கம்ப்ரசர் ஓடி சிலிண்டர்களில் காற்றை அடைக்கும். விருந்தாளிகள் அதை முதுகில் மாட்டிக்கொண்டு குதிப்பார்கள். ஏறி வந்தபின் டீயை ஆறவிட்டு, மான்கொம்பு போல் கிளைவிட்ட பவளத்தையும் அதற்குள் ஓடும் மஞ்சள் மீன்களையும் பேசித் தீர்க்க மாட்டார்கள். எல்லாம் என் காலுக்கடியில்தான் இருந்தது. எனக்கு வயிறு எரியும்.

விருந்தாளிகளுக்கு முக்குளிக்கக் கற்றுக்கொடுத்தவள் ஜோஸ்லின், தூத்துக்குடிப் பெண், என்னைவிட இளையவள். "பரீட்சை பாஸ் பண்ணிட்டா நீங்களும் எங்ககூட இறங்கலாம்ணே" என்றாள்.

"இன்னா மேடம், பரீட்சையா? ஏழாளு ஆழக் கெணத்துல குதிச்சவங்க நாங்க!"

எங்கள் ஊர்க் கிணற்றில் போட்டி ஒன்றுதான். மூச்சை அடக்கி அடிவரை போய், ஒரு பிடி சேறு அள்ளிவந்து காட்ட வேண்டும். வெறுங்கையோடு வந்தால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

பயிற்சியின் முதல் நாள், சிலிண்டரோடு இறங்கிக் கடலடியைத் தொட்டதும் கை தானாக மணலை அள்ளியது, நெஞ்சு தானாக மூச்சைப் பூட்டியது. விர்ரென்று மேலே வந்து பெருமையாகக் கையை விரித்துக் காட்டினேன். ஜோஸ்லினுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மூச்ச அடக்கிட்டு மேல வந்தா நுரையீரல் வெடிச்சிரும்ணே! விட்டுக்கிட்டே வரணும்."

"இருக்கற காத்த வுட்டுட்டா அப்பறம் இன்னாத்த வெச்சிக்கினு வர்றது?"

"அதுக்குத்தான முதுகுல சிலிண்டர் இருக்கு!"

புத்திக்குப் புரிந்தது, நெஞ்சுக்குப் புரியவில்லை. ஐந்து முறை முயன்றேன். கடைசி முறை, மழை தொடங்கும் சமயம், ஆறு மீட்டர் ஆழத்தில் எல்லாம் ஒழுங்காகவே போனது. அப்போது பார்த்து ஓர் ஆமை, வெகு சாவகாசமாக, என் முகத்துக்கெதிரே கடந்தது. வியப்பில் மூச்சை அடக்கிவிட்டேன், மடையன். காற்றடைத்த நெஞ்சு பந்துபோல் தூக்க, மேலே கிளம்பிய என்னை ஜோஸ்லின் காலைப் பிடித்து இழுத்தாள். ஃபெயில். அந்த மழையோடு முதலாளி படகையும் விற்றுவிட்டார்.

ஊருக்கு வந்து மெஸ் வைத்தேன். ஆசை மட்டும் விடவில்லை. பல வருடம் கழித்து விருந்தாளியாகவே போய், அதே ஜோஸ்லினிடம் பாஸ் செய்தேன். மான்கொம்புப் பவளம் இருந்த இடத்துக்கே கூட்டிப் போனாள்.

"ரொம்ப எதிர்பாக்காதீங்கண்ணே" என்றாள் குதிக்கும்முன்.

கடல் சூடேறி எல்லாம் செத்துப்போயிருந்தது. பாசி படிந்த சுள்ளிக் குவியல், அவ்வளவுதான். ஒரு மஞ்சள் மீன்கூட இல்லை. நாற்பது நிமிடம், ஒரு தடவைகூடத் தவறாமல், சீராக மூச்சு விட்டுக்கொண்டே அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.