பொட்டு வைத்த ஸ்கோப்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் வேட்டைக்குப் போனவர் சித்தப்பா. துவக்கு இல்லாமல் போனார் என்பதுதான் விசேஷம். டோர்வல் விமான நிலையத்தில் அவரோடு பெட்டி ஏற்றும் கியூபெக்காரர்கள், மான் நிற்கும் இடத்தைப் பார்த்துச் சொல்ல வரும்படி கேட்டிருந்தார்கள். எத்தனையோ வருடம் கூட வேலை செய்தும் அவர்கள் அவரை எங்கேயும் அழைத்ததில்லை. ஆகவே சொந்தக்காரர் எல்லாருக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னார்.

அதற்கு ஸ்பொட்டிங் ஸ்கோப் வேண்டும். முக்காலியில் நிற்கும் ஒற்றைக்கண் தூரக்கண்ணாடி அது. புரோசார்டில் ஒரு கடையில், அறுபது மடங்கு பெருப்பித்துக் காட்டுவதுதான் வேண்டுமென்று சித்தப்பா விடாப்பிடியாக நின்றார். விற்கிற பெண் பொறுமைசாலி. மடங்கு கூடக் கூடப் படம் இருளும், ஆடும். விடியற்காலைக்கு மடங்கைக் குறைத்து, முன்கண்ணாடி அகலமானதாக எடுங்கள் என்றாள். கடைசியில் இருபதிலிருந்து அறுபது வரை போகும் ஒன்றை வாங்கினார். அவள் சொன்னதையும் கேட்டதாயிற்று, அறுபதையும் விடவில்லை.

வீட்டுக்கு எந்தப் புதுச்சாமான் வந்தாலும் சித்தி சந்தனப் பொட்டு வைப்பாள். ஸ்கோப்புக்கு நெற்றி எதுவென்று தெரியாமல் முன்கண்ணாடியின் நடுவிலேயே வைத்துவிட்டாள். இல்-பிசார் ஆற்றங்கரையில் பரீட்சித்துப் பார்த்தபோது அக்கரை முழுவதும் மூட்டமாகத் தெரிந்தது. சித்தப்பா கடைக்காரியைத் திட்டித் தீர்த்த பிறகுதான் நான் சந்தனத்தைக் கண்டுபிடித்தேன்.

அந்தத் திறமைக்காக என்னையும் வேட்டைக்குக் கூட்டிப்போனார். பொழுது விடிகிற நேரம். கூட்டாளிகள் துவக்கோடு சற்றுத் தள்ளி இருந்தார்கள். சித்தப்பா மடங்கை இருபதில் வைத்து, காட்டு ஓரத்தை மெல்ல மெல்லப் பார்த்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் கை நின்றது. வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றுமில்லை என்று அவர்களுக்குத் தலையாட்டினார்.

நான் கண்ணை வைத்துப் பார்த்தேன். மான் ஒன்று காதை நிமிர்த்தி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. அதன் மூச்சு புகைவதுகூடத் தெரிந்தது.

"சித்தப்பா, நிக்குதே."

"ஓம். கதைக்காத பிள்ளை."

நான் என்ன சொன்னேன் என்று ஒருவர் கேட்டார். எனக்குக் குளிருகிறதாம் என்று சித்தப்பா பிரெஞ்சில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மான் காட்டுக்குள் பாய்ந்தது. அவர்களுக்கு அது வெறுங்கண்ணிலேயே தெரிந்துவிட்டது. இவ்வளவு பெரிய கண்ணாடியும் வைத்துக்கொண்டு என்று சிரித்தார்கள். அடுத்த வருடம் யாரும் அவரை அழைக்கவில்லை.

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அவ்வளவு ஆசைப்பட்டுப் போனவர் ஏன் இப்படிச் செய்தார்? அன்று திரும்பி வரும்போதே காரில் கேட்டேன்.

"அது எங்களைப் பார்த்துக்கொண்டெல்லே நிண்டது," என்றார்.

இது ஒரு காரணமா என்று வருடக்கணக்காக யோசித்தேன். சித்தப்பாவும் சித்தியும் ஊரைவிட்டு வந்த கதை எனக்கு அப்போது தெரியாது. நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள், வெங்காயம் உரித்துக்கொண்டே சித்தி சொன்னாள்.

"கடலேரி தாண்டேக்க எங்கட வள்ளம் பிந்திப்போச்சு. விடிஞ்சிட்டுது. கரையில ஒரு ஆமிக்காரன் தூரக்கண்ணாடியால எங்களை நேர பார்த்தவன். சித்தப்பாவும் அவனைப் பார்த்தவர். பேந்து அவன் கண்ணாடியைக் கீழ இறக்கிப்போட்டு, மற்றப் பக்கம் திரும்பி நிண்டான்."