ஆமோஸின் கண்கள்

டமரிஸ் ஃபோல்ஜரின் பிழைப்பு, முகங்களை அழிப்பது. லண்டனில் மந்திரிகள் அடிக்கடி பதவி இழந்து விழுந்த காலம் அது. விழுந்தவரின் படத்தை யார் வாங்குவார்கள்? படம் செதுக்கிய செப்புத் தகட்டைத் தூக்கி எறியவும் மனம் வராது. அதனால் எங்கள் சந்தின் படக்கடைக்காரர் ஹாப்டே, அங்கியையும் நாற்காலியையும் விட்டுவிட்டு, தலையை மட்டும் சுரண்டச் சொல்வார். அங்கே புது மந்திரியின் தலை ஏறும். டமரிஸ் சுரண்டித் தேய்த்து, பின்பக்கம் சுத்தியலால் தட்டிச் சமன் செய்தால் பழைய ஆளின் நிழல்கூட அச்சில் வராது. மற்ற நாட்களில், அச்சுக்கு முன் தகட்டில் மையைப் பூசி உள்ளங்கையால் துடைப்பாள்.

ஒரு வசந்தத்தில் இன்னொரு மந்திரி விழுந்தார். ஹாப்டே அவர் தகட்டை மேசைமேல் வைத்தார்.

"சாயங்காலத்துக்குள்ள மூஞ்சி போயிடணும், டமரிஸ்."

அவள் கை நகரவில்லை. "இது ஆமோஸோட மூஞ்சி, ஐயா."

அந்த மந்திரி படத்துக்கு உட்கார வரவே இல்லை. அவருக்குப் பதிலாக, கடையில் அச்சு இழுக்கும் ஆமோஸுக்கு, அவள் கணவனுக்கு, பொய்முடி வைத்து உட்காரவைத்துச் செதுக்கியிருந்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் அவன் தேம்ஸ் ஆற்றில் மூழ்கினான். உடல் கிடைக்கவில்லை.

"மந்திரி பொண்டாட்டியே தன் புருஷன்தான்னு சொல்லி அஞ்சு படம் வாங்கிட்டுப் போனா. நீயும் ஒண்ணு எடுத்து மாட்டிக்கோயேன்."

"காகிதத்துல இடம் வலமா மாறிடுது. அவருக்கு வலது இமைதான் தொங்கும். கண்ணாடில காட்டியும் பாத்துட்டேன். கண்ணு அசையவே மாட்டேங்குது. செப்புல வெளிச்சம் பட்டா என்னைப் பாக்கறாரு."

"அப்போ வேற ஆளை வெச்சுக்கறேன்."

வேறொருவர் கை அந்த முகத்தைச் சுரண்டுவதா? டமரிஸே கத்தியை எடுத்தாள். தாடை, வாய், கன்னம், மூக்கு. கண்களுக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

ஹாப்டே குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இருக்கட்டும். கண்ணு செதுக்கற வேலை மிச்சம்."

ஆமோஸின் கண்களுக்குக் கீழே புது மந்திரியின் வாய் வந்தது. மெல்லிய, இறுக்கமான வாய்.

படம் நன்றாக விற்றது. டமரிஸ் நாள் முழுதும் தகட்டைத் துடைத்தாள். உள்ளங்கைக்கு அடியிலிருந்து முதலில் அந்தத் தொங்கிய இமை வரும். அவள் மனம் இளகும். கை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். வாய் வரும்.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் ரொட்டிக் கடையில் என் பக்கத்தில் நின்ற டமரிஸ், தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அவரு சீட்டியடிப்பாரு இல்ல, அச்சு இழுக்கறப்ப? அதை நெனச்சுப் பாக்கறேன். அந்த ஆளு வாயாலதான் அடிக்கறாரு. என் பேரைக்கூட அந்த வாயாலதான் கூப்பிடறாரு."

இரண்டு வருடத்தில் அந்த மந்திரியும் விழுந்தார். ஹாப்டே தகட்டைக் கொண்டுவந்தார்.

"கண்ணை விட்டுடு. நல்ல ராசியான கண்ணு."

டமரிஸ் கத்தியை எடுத்தாள். தகட்டை வெளிச்சத்தை விட்டுத் திருப்பி வைத்துக்கொண்டு, கண்களிலிருந்தே தொடங்கினாள்.