வெயில் படாத நீலம்

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொண்டையில் செருகிக்கொண்டு பின்பக்கமாகவே நடக்கிறாள் துண்டுத்துணி அக்கா. கட்டிலில் பரப்பிய துணிகள்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் வாசற்படி வரை வந்து, இமையை இடுக்கிப் பார்க்கிறாள். தெருவில் போகிறவர் யாராவது இடித்துக்கொண்டால் அது அவர்கள் பாடு. "கண்ணாடி போட்டா பூவும் இலையுந்தான் தெரியுது. எனக்கு எது வெளுப்பு, எது அடர்த்தின்னு தெரிஞ்சாப் போதும்" என்பாள். எட்ட நின்று பார்க்கையில் எந்தத் துண்டு முந்திக்கொண்டு கண்ணைக் குத்துகிறதோ, அதற்கு அந்தப் போர்வையில் இடமில்லை.

ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது அவள் தொழில். தைப்பது என்னவோ பாதி வேலைதான். மீதியெல்லாம் துணி சேர்ப்பதும் ஜோடி பார்ப்பதும். பீரோ முழுக்கத் துணி, கட்டிலுக்கு அடியில் துணி, பிரிட்ஜுக்கு மேலேயும் துணி. வீட்டுக்காரரின் உடுப்பெல்லாம் ஒரே சூட்கேஸில் அடக்கம், பாவம். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களின் சட்டை ஓரத்தைத் தடவி, எங்கே எடுத்தது என்று விசாரிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர், இவள் யாரோ எவளோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: தன் வானநீலச் சட்டைமேல் மட்டும் அவள் கத்தரி படக்கூடாது. அதுவும் அவள் சேர்த்த துணியில் அவளே தைத்துக் கொடுத்ததுதான்.

அவளுக்கும் ஒரு சட்டம் உண்டு. புதுத்துணி எதுவும் நேரே பீரோவுக்குள் போய்விட முடியாது. வாளித் தண்ணீரில் ஊறவேண்டும். அப்புறம் வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்து, சாயம் விடுகிறதா என்று சோதனை. "குளிக்காம ஒருத்தரும் உள்ள வரக்கூடாது."

அந்தச் சட்டத்தைப் போன வாரம் அவளே மீறினாள். மகளுக்கு வெளியூரில் வேலை, விடிந்தால் பயணம். ஊருக்கெல்லாம் போர்வை தைத்தவள் பெற்ற பெண்ணுக்கு இதுவரை ஒன்று தைத்ததில்லை. வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? அவசரமாகத் தைத்த போர்வையில் குளிக்காத சிவப்பு ஒன்றைச் சேர்த்துவிட்டாள். கடைசியாகத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டபோது சிவப்பு கசிந்து, நடுவில் தைத்திருந்த நட்சத்திரத்தின் நீலச் சதுரத்தில் இறங்கிவிட்டது. சிவப்புக்கு மாற்று இருந்தது. அந்த நீலத்தில் ஒரு நூல்கூட மிச்சமில்லை. வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினாள். கடைசியில், அதே துணியில் தைத்த, கொல்லைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வீட்டுக்காரரின் சட்டைமுன் போய் நின்றாள்.

ஊரார் சட்டையைத் தடவுகிறவளுக்குக் கட்டிய புருஷனிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டுத்தான் என்ன பிரயோஜனம்? வெயிலில் காய்ந்து காய்ந்து சட்டை வெளுத்துக் கிடந்தது. கறைபட்ட சதுரத்தைத் தோளில் வைத்துப் பார்த்தாள், முதுகில் வைத்துப் பார்த்தாள். ஒட்டவே இல்லை.

பின்னால் வந்து நின்றவர் சண்டைக்கு வரவில்லை. சதுரத்தையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் இமையை இடுக்கினார்.

"பாக்கெட்டப் பிரிச்சுப் பாரு. அடியில வெயில் பட்டிருக்காது" என்றார்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இத்தன வருஷமா துணிகூடத்தானே குடித்தனம் பண்றேன்."

தையலைப் பிரித்தாள். பாக்கெட்டுக்கு அடியில், சட்டை தைத்த நாளின் நீலம் அப்படியே ஒளிந்திருந்தது. ஒரு சதுரத்துக்குச் சரியாகப் போதும். வெட்டி, வைத்துத் தைத்து, போர்வையைக் கட்டிலில் விரித்துவிட்டு வாசற்படி வரை பின்னுக்கு நடந்தாள். எந்தத் துண்டும் முந்தவில்லை. அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் காலை மகளை பஸ் ஏற்றிவிட அவர் அதே சட்டையைத்தான் மாட்டிக்கொண்டார். ஓட்டை வெளியே தெரியாதபடி பாக்கெட்டை மறுபடி மேலே வைத்துத் தைத்திருந்தாள். சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். அடித்துணி இல்லாத பாக்கெட். விரல்கள் நேரே அவர் நெஞ்சில் போய்ப் பட்டன. வாசலில் போர்வையும் பெட்டியுமாக நின்ற மகள், நேரமாகிறது என்று கூப்பிட்டாள். அக்கா கையை எடுக்கவில்லை.